இளவரசியின் சட்டையைத் தைத்தவர் யார்?

மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் தேர்த் திருவிழாவுக்குப் போன சகோதரிகளுக்கு அந்தத் தெருவோரக் கடைகள் நினைவிருக்கும். காப்பு, பலூன், கச்சான், விளையாட்டுச் சாமான் என்று வரிசையாகப் பரப்பியிருப்பார்கள். அப்படியொரு கடையின் முன்னால் 6 வயதுச் சிறுமி ஒருத்தி அசையாமல் நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த பெட்டிக்குள் பொன்னிறக் கூந்தலும் நீலச் சட்டையும் தலையில் கிரீடமுமாக ஓர் இளவரசிப் பொம்மை இருந்தது. விலையைக் கேட்ட தாய், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நடந்தார். அவரது ஒரு நாள் சம்பளத்தைவிட அதன் விலை கூடுதல்.

அந்தத் தாயை எனக்குத் தெரியும். கண்டிக்கு அருகே நாங்கள் நடத்தும் மாதாந்தப் பெண்கள் கூட்டத்துக்கு வருபவர். வன்னியில் பிறந்தவர். 2009 இல் அவருக்கு 12 வயது. திருமணத்தின் பின் இந்தப் பக்கம் வந்து, ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கின்றார்.

"நாள் முழுக்க மெசினில இருந்து உடுப்புத் தைக்கிறன் மிஸ். என்ர பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கிக் குடுக்க ஏலாமல் கிடக்கு" என்றார்.

என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. இந்த இளவரசிகள் எங்கிருந்து வந்தார்கள், இவர்களைச் செய்தவர்கள் யார் என்று தேடிப் படித்த பிறகுதான் அவருக்குச் சொல்ல ஏதோ கிடைத்தது. அதையே உங்களுக்கும் சொல்கின்றேன்.

மணலில் செய்த பாவை

பொம்மை செய்வது மிகப் பழைய வேலை. எகிப்தில் ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்பு செய்த மரப் பாவைகள் கிடைத்துள்ளன. நூலில் மணி கோர்த்து அவற்றுக்குத் தலைமயிர் வைத்திருக்கின்றார்கள். ரோம் நகரில் 1889 இல் தோண்டியெடுத்த ஒரு கல்லறைப் பெட்டிக்குள், இளம் பெண்ணின் எலும்புகளுக்குப் பக்கத்தில் கைகால் மடக்கக்கூடிய தந்தப் பாவை ஒன்று இருந்தது.

எமது மொழியிலும் இதற்குச் சான்றுண்டு. கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் சிறுமியர் ஈரமணலில் 'வண்டற்பாவை' செய்து விளையாடியதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் மரப்பாச்சிப் பொம்மைகள் ஆணும் பெண்ணுமாகச் சோடியாக இருக்கும். வீட்டுப் பெண்கள் கந்தைத் துணியில் அவற்றுக்கு உடுப்புத் தைத்துப் போடுவார்கள். காசு கொடுத்து வாங்கினால்தான் பொம்மை என்ற எண்ணம் பின்னாளில் வந்ததாகும்.

பாஸ் கிடைத்த பொம்மை

நாகரிக உடுப்புப் போட்ட பொம்மை முதலில் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டதல்ல. 17 ஆம், 18 ஆம் நூற்றாண்டுகளில் உடுப்பு மாதிரிகளை அச்சிட்டுக் காட்டும் சஞ்சிகைகள் பரவியிருக்கவில்லை. ஆகவே பாரிஸ் நகரத் தையற்காரர் பொம்மைகளுக்குப் புது மாதிரி உடுப்பணிந்து ஏனைய நாட்டு அரண்மனைகளுக்கு அனுப்பினார்கள். இவற்றுக்குப் 'பண்டோரா' என்று பெயர். பிரான்சும் இங்கிலாந்தும் யுத்தம் செய்த நாட்களிலும் இந்தப் பொம்மைகள் எல்லை கடக்க அனுமதி வழங்கப்பட்டதாக அக்காலத்தவர் எழுதியிருக்கின்றனர். பாஸுக்காக வவுனியாவில் நாட்கணக்கில் காத்திருந்த சகோதரிகள் இதை வாசித்தால் சிரிப்பதா அழுவதா என்று யோசிப்பார்கள்.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேத்தே குரூசே என்ற ஜேர்மன் தாய், மகளுக்கு ஒரு பொம்மை வாங்கித் தரும்படி கணவரிடம் கேட்டார். கடைப் பொம்மைகள் கணவருக்குப் பிடிக்கவில்லை. நீயே செய்துகொள் என்று சொல்லிவிட்டார். கேத்தே ஒரு துவாயில் மணலை நிரப்பி, மூலைகளை முடிச்சிட்டுக் கைகாலாக்கி, உருளைக்கிழங்கைத் தலையாக வைத்துக் கொடுத்தார். பிள்ளை அதை விடவேயில்லை. பின்பு துணியில் ஒழுங்காகச் செய்யத் தொடங்கினார். 1910 இல் பெர்லினில் நடந்த கண்காட்சியின் பின் கட்டளைகள் குவிந்தன. அவர் தொடங்கிய தொழில் இன்றும் அவர் பெயரிலேயே நடக்கின்றது.

பார்பியும் இளவரசிகளும்

இன்றைய நாகரிகப் பொம்மைகளில் மிகவும் பெயர் பெற்ற பார்பியையும் ஒரு தாய்தான் உருவாக்கினார். அமெரிக்காவில் மட்டேல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரூத் ஹான்ட்லர், தன் மகள் பார்பரா காகிதப் பொம்மைகளைப் பெரிய பெண்களாகப் பாவனை செய்து விளையாடுவதைக் கவனித்தார். ஐரோப்பாவுக்குச் சென்றபோது கண்ட 'லில்லி' என்ற ஜேர்மன் பொம்மையை மாதிரியாகக் கொண்டு, 1959 மார்ச் 9 இல் பார்பியை வெளியிட்டார். விலை 3 டொலர். 1970 இல் மார்பகப் புற்றுநோயால் ஒரு மார்பை இழந்த அவர், தன்னைப் போன்ற பெண்களுக்குச் செயற்கை மார்பகம் செய்யும் நிறுவனமொன்றையும் பின்னர் ஆரம்பித்தார்.

ஆனால் அந்த முதல் பார்பிகள் ஜப்பானில் தயாரானவை. அவற்றின் சின்னஞ்சிறு சட்டைகளைத் தைத்தவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்த ஜப்பானியப் பெண்கள். பின்னர் கூலி குறைந்த இடம் தேடித் தொழிற்சாலைகள் வேறு ஆசிய நாடுகளுக்குப் போயின. பெட்டியின் மேல் அந்தப் பெண்களின் பெயர் இருப்பதில்லை.

டிஸ்னி இளவரசிகளின் கதையும் இதே மாதிரியானது. சின்ட்ரெல்லா, சினோ வைட் போன்றோரை ஒரே குடும்பமாக்கி விற்கும் எண்ணம் 2000 ஆம் ஆண்டில் வந்தது. நிறுவன அதிகாரி ஒருவர் பனிச்சறுக்கு நிகழ்ச்சிக்குப் போனபோது, சிறுமியர் பலர் வீட்டில் தைத்த இளவரசி உடுப்போடு வந்திருந்ததைப் பார்த்தார். இதை நாமே விற்கலாமே என்று நினைத்தார். ஆக, அந்தப் பெரிய வியாபாரத்தின் விதை வீட்டுத் தையலில்தான் இருந்தது.

இந்தப் பொம்மைகளால் ஒரு தீமையும் உண்டு. 2006 இல் வெளியான ஆய்வொன்றில், இங்கிலாந்தில் 5 முதல் 8 வயதுச் சிறுமியருக்குப் பார்பியின் படங்களைக் காட்டினார்கள். அவற்றைப் பார்த்த சிறுமியருக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய திருப்தி குறைந்திருந்தது. எமது பிள்ளைகள் தோல் நிறத்தையும் தலைமயிரையும் கூட ஒப்பிட்டுப் பார்க்கின்றார்கள். 2016 இல் பலவகை உடலமைப்புடனும், 2019 இல் செயற்கைக் கால் பொருத்தியும் சக்கர நாற்காலியிலும் பார்பிகள் வந்தன. நல்ல மாற்றம்தான். ஆனால் மிதிவெடியில் கால் இழந்த தாயோடு வாழும் பிள்ளைக்குச் செயற்கைக் கால் புதுமையல்ல.

கண்டியில் வாழ்ந்த அரசி

கண்டி நகரத்து நினைவுப்பொருட் கடைகளில் கண்டிய மணமகள் உடையணிந்த பொம்மைகள் இருக்கும். ஒசரிச் சீலை, நெற்றிப்பட்டம், கழுத்தில் அடுக்கடுக்காக மாலையும் பதக்கமும். சிங்களத்திலும் அதைப் 'பதக்கம' என்றே சொல்கிறார்கள்.

1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க வம்சத்தவருக்கு மதுரைப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தார்கள். அப்படி வந்த அரசிகளில் ஒருவர் ரெங்கம்மாள். ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தபோது ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் அரசியரோடு தும்பறைப் பக்கம் தப்பியோடினான். 1815 பெப்ரவரி 18 இல் மெதமகநுவரவில் அவர்கள் பிடிபட்டபோது அரசியரின் நகைகள் பறிக்கப்பட்டன. பின்பு வேலூர்க் கோட்டையில் சிறைவாழ்வு. மன்னன் 1832 இல் அங்கேயே இறந்தான்.

ஒளிந்திருந்து, உடைமையை இழந்து, ஊர் திரும்பாமற் போன அந்த அரசியின் கதை பெட்டிப் பொம்மையின் முகத்தில் இல்லை. எங்களுக்கோ அது பழக்கமான கதை.

வெட்டுத்துண்டில் ஒரு பிள்ளை

2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டுக் கரையில், ஆரோவில்லைச் சேர்ந்த உபாசனா என்ற தையலகம் மீனவப் பெண்களுக்குத் துணித் துண்டுகளில் சிறு பொம்மை செய்யப் பழக்கியது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பொம்மைக்குச் 'சுனாமிகா' என்று பெயர். அதை விற்காமல் அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி கிடைத்தது. துக்கத்தோடு தனியே இருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஊசி பிடித்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் நாங்களும் அப்படி உட்கார்ந்தோம். செய்முறை இலகுவானது. துவைத்த பருத்தித் துணியை இரட்டையாக மடித்து, ஒரு சாண் உயரத்துக்கு உருவம் வரைந்து வெட்டுங்கள். ஓரத்தை இரட்டைத் தையல் போட்டு, ஒரு பக்கம் வாய் விட்டுப் புரட்டுங்கள். இலவம் பஞ்சையோ பொடியாக வெட்டிய துணியையோ இறுக்கி அடையுங்கள். கழுத்தில் கூடுதலாக அடைக்காவிட்டால் தலை சரியும். கண்ணுக்குப் பொத்தான் வேண்டாம், சிறு பிள்ளைகள் பிய்த்து விழுங்கிவிடுவார்கள். நூலாலேயே தைத்துவிடுங்கள். கடைசியில் குண்டூசிகளை எண்ணிப் பாருங்கள்.

தைத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சகோதரி தானாகவே பேசினார். "எனக்கும் ஒரு பாவைப்பிள்ளை இருந்தது மிஸ். அம்மா பழைய சீலையில செய்து தந்தவ. கடைசியா வெளிக்கிடேக்க, அதை விட்டிட்டு அரிசிப் பையைத் தூக்கு எண்டு சொன்னவ. அம்மா சொன்னது சரிதான். பங்கருக்குள்ள துவாயால மூடிப் போட்டு வந்தனான். இப்பவும் மழை பெய்தால், அது நனையுமே எண்டு நினைவு வரும்."

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவரது ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தார்.

அவர் இரண்டு பொம்மைகள் செய்தார். ஒன்றை மகளுக்குக் கொடுத்தார். மகள் அதற்குக் கிரீடம் கேட்கவில்லையாம். "இவ வேலைக்குப் போறா" என்று சொல்லி, சின்னப் பை ஒன்று தைத்துத் தரச் சொன்னாளாம்.

சகோதரிகளே, பிள்ளை கேட்கும் பொம்மையை வாங்க முடிந்தால் வாங்கிக் கொடுங்கள், அது குற்றமல்ல. முடியாவிட்டால் தலைகுனிய வேண்டாம். உலகத்து இளவரசிகளின் சட்டைகளை எங்களைப் போன்ற பெண்களின் கைகளே தைத்தன. பிள்ளை பொம்மையோடு பேசுவதைச் சற்றுத் தள்ளியிருந்து கேளுங்கள். உங்களிடம் சொல்லாததை அதனிடம் சொல்லும். பயத்தையும் இழப்பையும் திரும்பத் திரும்ப விளையாடினால் அதட்டாதீர்கள். நித்திரை குழம்பினால் அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஒரு பழைய சீலையும் ஊசியும் இருந்தால் இன்று மாலையே தொடங்கலாம். உங்களுக்கும் ஒன்று செய்துகொள்ளுங்கள்.