விதைநெல்லும் வட்டியின் எல்லையும்

மூதூரிலே, கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று வீசும் ஓரிடத்தில் நினைவுக்கல் ஒன்று உண்டு. ‘வெள்ளைக்காரன் மரம்’ என வழங்கிய புளியமரம் நின்ற இடம் அது. 1660ஆம் ஆண்டில் ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவரும், அவருடைய 19 வயது மைந்தர் றொபேட் நொக்ஸும், கப்பலோர் சிலரும் இப்பகுதியிலேதான் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். ஆண்டுதோறும் என் மாணாக்கரை அங்கு அழைத்துச் சென்று இவ்வரலாற்றைக் கூறித் திரும்புவது என் வழக்கம். அக்கைதியின் வாழ்வு நம் வயலுக்கும் வளவுக்கும் ஏதேனும் சொல்லக்கூடும் என்று நான் நெடுங்காலம் எண்ணியதில்லை. எண்ணச் செய்தது எங்கள் வீட்டு விதைநெல்.

நான் இலக்கணம் கற்றவன். மண்வெட்டி பிடித்தவன் அல்லன். எமக்குள்ள இரண்டு ஏக்கர் வயலையும் வீட்டு வளவையும் காத்து வருபவள் என் மனைவியே. 2009இற் போர் ஓய்ந்த பின்னர் நுண்கடன் நிறுவனங்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஊர்தோறும் நுழைந்தன. காணி உறுதியும் வேண்டாம், நகையும் வேண்டாம். பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றாற் போதும் என்றனர். தவணையோ கிழமைதோறும் கட்டவேண்டியது. ஒருத்தி தவறினால் ஏனையோர் தலையில் அது விழும். அயலாரின் நட்பே அடகுப் பொருளாயிற்று என்க.

அடுத்த வளவுப் பெண்ணுக்கு என் மனைவி பிணை நின்றாள். 2017ஆம் ஆண்டு வறட்சியில் அப்பெண்ணின் மிளகாய்ப் பாத்திகள் கருகின; தவணையும் தவறிற்று. கடன் அறவிட வந்த இளைஞர் காலை முதல் எங்கள் திண்ணையில் அமர்ந்திருந்தார். கடுஞ்சொல் ஒன்றும் சொன்னாரல்லர். அமர்ந்திருந்தார், அவ்வளவே. தெருவால் போவோர் வருவோர் எல்லாம் பார்த்துச் சென்றனர். விளக்கேற்றும் வேளையில், பெரும்போகத்துக்கென வைத்திருந்த விதைநெல்லில் இரண்டு மூடையை மனைவி விற்றாள். “வயிறு காய்ந்த நாளிலும் தொடாத நெல்” என்று மட்டும் சொன்னாள்.

அதன் பின்னரே, 1681இல் இலண்டனில் வெளிவந்த நொக்ஸின் நூலைக் கருத்தூன்றிப் படித்தேன். கைதிகளுக்கு ஊரவர் உணவளித்தல் வேண்டும் என்பது அரச கட்டளை. அவர்களோ, சமைத்த சோற்றுக்குப் பதிலாக அரிசியாகவே தருமாறு கேட்டுப் பெற்றனர். சோறு மறுநாட் புளித்துவிடும்; அரிசியிலே மிச்சம் பிடிக்கலாம், மிச்சத்தைக் கொண்டு துணி வாங்கலாம். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். பின்பு எலதெத்த என்னும் ஊரிலே நிலம் வாங்கி, வீடு கட்டிக் கோழியும் ஆடும் வளர்த்தார். பத்தொன்பதரை ஆண்டுச் சிறைவாழ்வை அவர் கடந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தமைக்கு இந்தக் கைம்முயற்சியும் ஒரு காரணம் அன்றோ?

ஆயினும், இதே நொக்ஸ் நெல்லை வட்டிக்கும் கொடுத்தார். ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி. அறுவடை வேளையில் நேரிற் போய் நில்லாவிடின் வேறு கடன்காரர் முந்திக்கொள்வர். தன் கையை நம்பி வாழ்ந்தவரே பிறர் களத்திற் காத்து நின்ற காட்சியை எண்ணியபோது, எங்கள் திண்ணையில் இருந்த இளைஞரின் முகம் என் கண்முன் வந்தது.

அந்நூல் இன்னொன்றையும் உரைக்கின்றது. பணக்கடன் இரண்டாண்டில் இருமடங்காகும். அதற்குமேல் எத்தனை காலம் சென்றாலும் வட்டி இல்லை. ஒரு சிறு அளவு தானியத்துக்காகக் குடும்பங்கள் முழுவதும் அடிமைப்பட்டமையால், ஏழைகளின் பொருட்டு மன்னன் இவ்விதியை வகுத்தானாம். வட்டி முதலை விஞ்சலாகாது என்பது பழைய தருமசாத்திரங்களும் பணக்கடனுக்கு வகுத்த எல்லையே. அந்நியரைச் சிறைவைத்த மன்னனுக்கும் கடனுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

நம் காலத்தில் அவ்வெல்லை தாமதித்தே வந்தது. 2018இல், வறட்சியுற்ற 12 மாவட்டங்களிலே தவணை தவறிய பெண்களின் ஓர் இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டது. உரிமம் பெற்ற நுண்கடன் நிறுவனங்களின் வட்டிக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 35 என்னும் உச்சத்தை மத்திய வங்கி வகுத்தது. நல்லதே, எனினும் அதற்குமுன் விற்ற விதைநெல் திரும்புமோ?

அரசின் சொல்லையே நம்பியிருத்தலும் அரிதென்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் அத்தடை நீக்கம். இடையில் எங்கள் வயல் மஞ்சளித்துப் போயிற்று. 2022 ஏப்ரலில், பிறநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அரசே கைவிரித்தது. சில கிழமைகளின் பின், தோட்டஞ் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்தது! மரவள்ளியும் முருங்கையும் கத்தரியும் எங்கள் வளவில் அதற்கு முன்பே நின்றன. அவ்வாண்டு எம் அடுப்பு அணையாதிருந்தது அவற்றால்தான். ஆனால் மண்ணெண்ணெயும் மருந்தும் வளவில் விளைவதில்லை. அவற்றுக்கு நாமும் வரிசையில் நின்றோம். தற்சார்பு என்பது பிறர் எவரும் வேண்டாம் என்னும் செருக்கு அன்று. எதனை எக்காலத்தும் பிறர் கையில் ஒப்படைக்கலாகாது என்று அறிந்திருத்தலே தற்சார்பு.

இப்பொழுது எங்கள் ஒழுங்கையிலுள்ள தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஓர் ஏற்பாடு செய்துள்ளனர். அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு மரைக்கால் விதைநெல் பொதுவில் வைக்கப்படும். விதை இழந்தவர் எடுத்து விதைக்கலாம். அடுத்த போகத்தில் எடுத்த அளவுடன் ஒரு கைப்பிடி சேர்த்துத் தரவேண்டும். அக்கைப்பிடியே வட்டி. சென்ற போகத்தில் முதலில் எடுத்தவள் அந்த அடுத்த வளவுப் பெண். அளந்து கொடுத்தவள் என் மனைவி. அறுவடைக்குப் பின் அவள் நெல்லைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, என் மனைவி கைப்பிடியை எண்ணவில்லை. இருவரும் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தனர்.

வாசக நேயர்களே, கடன் கொள்ளாது வாழ்தல் எல்லார்க்கும் இயலாது. கொள்வீராயின், அதன் எல்லையை முதலிற் கேளுங்கள். வளவில் ஒரு பாத்தியேனும் கொத்துங்கள். விதைநெல்லை மட்டும் எவர் கணக்கிலும் எழுத விடாதீர்கள்.