மின்சாரம் யாருக்கு, இயந்திரம் யாருக்கு?



அண்ணல் அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. தொழில்நுட்பத்தில் பொதுப்பணத்தைப் போடும் அரசு எப்படித் திட்டமிட வேண்டும் என்பதற்கு அந்த நான்கு ஆண்டுகள் நல்ல பாடம்.

1943இல் தாமோதர் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. கரை உடைந்து ரயில் பாதை துண்டிக்கப்பட்டது. கரையை உயர்த்துவதோடு விட்டிருக்கலாம். அம்பேத்கரின் துறை அப்படி விடவில்லை. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஆற்றுப்படுகை முழுவதையும் ஒரே அலகாகப் பார்த்தது. வெள்ளத்தடுப்பு, பாசனம், மின்சாரம் எல்லாம் ஒரே திட்டத்துக்குள் வந்தன. வங்காளத்தையும் பீகாரையும் 1945 ஜனவரியில் கல்கத்தாவில் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார் அம்பேத்கர். நீருக்கும் மின்சாரத்துக்கும் மத்தியில் தொழில்நுட்ப அமைப்புகள் அவர் காலத்திலேயே உருவாயின. தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948இல் பிறந்தது.

அவருக்கு மின்சாரம் ஏன் அவ்வளவு முக்கியமாகப் பட்டது? சிறு நிலவுடைமை பற்றிய 1918ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத கூட்டத்துக்குத் தொழில்மயமாக்கல்தான் வழி என்று வாதிட்டார். மலிவான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது. தொழில் வளராமல் வறுமை தீராது. நிலமில்லாத சேரி மக்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

ஆனால் தாமோதர் அணைகளுக்காகச் சந்தால்கள் உள்ளிட்ட பல்லாயிரம் பேர் நிலமிழந்தார்கள். நல்ல நோக்கம் மட்டும் போதாது. யார் இழக்கிறார்கள், அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதும் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

இதை இன்றைய பாதாளச் சாக்கடையில் பொருத்திப் பார்ப்போம். பாதுகாப்பின்றிக் குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சாக்கடைச் சாவுக்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. இயந்திரங்களும் வாங்கப்படுகின்றன. சாவு நிற்கவில்லை.

ஆகவே எந்தத் திட்டத்திடமும் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: குழிக்குள் மனிதர் இறங்காமலிருப்பது திட்டத்தின் நோக்கமாக எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது வாங்கும் இயந்திரங்களின் எண்ணிக்கை மட்டுமா?

இரண்டு: லாரி நுழையாத சந்துக்கு என்ன வழி? அந்தச் சந்துகள் பெரும்பாலும் நம் குடியிருப்புகள். பழுதுபார்க்கப் பணம் ஒதுக்காவிட்டால், இயந்திரம் நின்ற மறுநாளே ஒப்பந்தக்காரர் நம் ஆளைத்தான் கூப்பிடுவார்.

மூன்று: இயந்திரம் யாருக்குச் சொந்தம்? 2019இல் டெல்லி அரசு குறுகிய தெருக்களுக்கான 200 இயந்திரங்களைக் கொண்டுவந்தபோது, இத்தொழிலில் இருந்தவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் முன்னுரிமை தந்தது. அது முழுத் தீர்வல்ல. ஆனாலும் உரிமை பற்றிய கேள்வி ஒப்பந்தத்துக்குள் நுழைந்தது.

திட்ட அறிக்கை பொறியாளர் மட்டும் படிக்கும் காகிதமல்ல. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவோம். நம் மாணவர்கள் அதை வரிவரியாகப் படிக்கட்டும். டெண்டர் விடுவதற்கு முன்பே கேட்போம். சாவு விழுந்த பிறகு கேட்டால் இழப்பீடு மட்டும்தான் கிடைக்கும்.