கலீஜு: எதற்குச் சொல்லலாம், எதற்குக் கூடாது

டீ சூடாக இருக்கிறது, மெதுவாகக் குடித்துக்கொண்டே கேளுங்க தம்பி. வடசென்னை ராயபுரத்துக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். நாளைக்கே இந்தச் சொல் காதில் விழும்: கலீஜு. அழுக்கு என்று பொருள் சொல்லி முடித்துவிட்டால் பாதி விட்டுப்போகும்.

அரபியில் இதன் மூலச்சொல்லுக்குக் கெட்டியானது, முரடானது என்று பொருள். உருதுவில் அது அருவருப்பான அழுக்கைக் குறிக்கத் தொடங்கியது. ஆர்க்காட்டு நவாப் 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறிய பிறகு இந்த ஊரில் உருது நன்றாக வேர்பிடித்தது. பேமானி, பேஜார், நாஷ்டா எல்லாம் அந்தப் பேச்சின் கொடைதான். மூலச்சொல்லின் கடைசி ஒலி தமிழில் கிடையாது, ஆகவே ‘ஜ’ வந்தது. பேச்சில் சொல் அப்படி வெட்டி நிற்காது என்பதால் பின்னால் ஒரு உகரமும் ஒட்டிக்கொண்டது.

குப்பை அள்ளாத தெரு கலீஜா இருக்கும். சோற்றைச் சிந்தி வைத்தால், “ஏன்டா கலீஜ் பண்றே” என்பார்கள். வாயில் வரக்கூடாத வார்த்தை பேசுகிறவனிடம் “கலீஜா பேசாத” என்பார்கள். ஆனால் ஓடாத மோட்டாரோ குறைந்த கூலியோ எவ்வளவு மோசமானாலும் கலீஜு ஆகாது. கண்ணிலோ கையிலோ காதிலோ ஒட்டுகிற அசிங்கம் வேண்டும். வீண் அலைச்சல் என்றால் அது பேஜாரு. சலித்துப்போனவன் என்பது அதன் பாரசீகப் பொருள். சொன்ன சொல் தவறியவன் பேமானி, அதாவது ஈமான், நம்பிக்கை, இல்லாதவன். இவற்றோடு சேர்ந்து வரும் வசவான கசுமாலம் மட்டும் வடமொழி. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அருச்சுனனின் சோர்வைக் கண்ணன் குறிப்பிடுவது இதே சொல்லால்தான். காசிமேட்டுச் சண்டையில் அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

கலீஜு என்ற சொல் முழுசாகப் பொருந்தும் இடத்தைக் காட்ட எண்ணூருக்கு வருகிறேன். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கரை ஒதுங்கிய எண்ணெய் தார்க்குழம்பு மாதிரி இருந்தது. உறிஞ்சும் வண்டிகள் திணறின. ஆட்கள் இறங்கி வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கி, படகு, வலை, வீட்டுச் சுவர் என்று எல்லாவற்றிலும் அப்பியது. அந்தக் குழம்புக்கு இந்தச் சொல் முழுசாகப் பொருந்தும். அரபியின் கெட்டியும் உருதுவின் அழுக்கும் அதில் ஒன்றாக இருந்தன.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். இதே சொல்லை வெளியார் எடுத்து, “கலீஜ் ஏரியா, கலீஜ் ஜனம்” என்று வடசென்னையின் தலையில் வைக்கிறார்கள். எண்ணெய் இங்குள்ளவர்கள் கொட்டியதா? கொசஸ்தலையாற்றில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பல் இவர்கள் அடுப்பில் எரிந்ததா? மொத்த நகரத்துக்கும் மின்சாரமும் பெட்ரோலும் போகிறது, மிச்சம் இங்கே தங்குகிறது. தங்கியதைக் கழுவிக் கழுவி வாழ்கிறவர்களுக்கு அதையே பேராக வைப்பது அநியாயம்.

ஆகவே தெருவை, வாய்க்காலை, ஆற்றில் மிதப்பதைத் தாராளமாக அப்படிச் சொல்லுங்க தம்பி. ஆளைச் சொல்லாதீங்க. தோஸ்துங்க தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். புதிதாக வந்தவர் வாயில் அது வசவுதான்.