ஓடுபாதை – 17: குன்று சொன்னபடி

போன வாரம் மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றுப் பாலத்தின் மேல் ஏற்றிவிட்டு நிறுத்தினோம். படிக்காதவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடிக்கவும். இங்கே இடம் குறைவு.

இந்த வாரம் போர்ட் பிளேர் விமான நிலையத்தின் சிப்பி வடிவக் கூரை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். (ஊருக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், டிராவல்ஸ்காரர்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்.) 2023 ஜூலையில் திறந்த புது முனையம், ஆண்டுக்கு 50 லட்சம் பேரைத் தாங்கும் என்பதை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூரைக்குப் போவதற்குள் தரை என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்தமானுக்குப் பறக்கிறவர்களுக்கு அங்கே ஒரே ஓடுபாதை. 3,290 மீட்டர். நம் மீனம்பாக்கத்துப் பெரிய ஓடுபாதைக்கு நானூறு மீட்டர்கூடக் குறையாது. நீளத்தில் குறையில்லை, ஒரு முனையில் குன்று நிற்பதுதான் சங்கதி. அதனால் ஜெட்கள் தென்மேற்கிலிருந்து வந்து இறங்கும், கிளம்பும்போதும் அதே தென்மேற்குப் பக்கமாகத்தான் ஏறும். போக, வர ஒரே வாசல்.

இதில் என்ன அதிசயம் என்பவர்கள் திரிசூலம் ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். விமானம் எப்போதும் எதிர்க்காற்றில் இறங்கவே விரும்பும். நங்கநல்லூர் மொட்டைமாடிகளுக்கு மேலே தாழ வந்துகொண்டிருந்தவை, காற்று திரும்பினால் பொழிச்சலூர் பக்கமிருந்து வரத் தொடங்கும். போர்ட் பிளேரில் அந்தச் சலுகை கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்று நேராக முதுகில் தள்ளும். மணிக்கு இருபது கிலோமீட்டர் பின்காற்று நமக்கு மாடியில் துணி காயப் போதும் என்கிற அளவுதான். மழையில் நனைந்த ஓடுபாதையில் இறங்கும் விமானிக்கு அதுவே வில்லங்கம். சரி, பக்கத்து ஊரில் இறங்கலாம் என்றால், பக்கத்து ஊர் சென்னை! சுமார் 1,350 கிலோமீட்டர். இல்லாவிட்டால் கொல்கத்தா, விசாகப்பட்டினம். எனவே திரும்பி வரும் எரிபொருளையும் சுமந்துகொண்டே போக வேண்டும்.

சேலையூர்த் தம்பதியர் தேனிலவுக்குக் கிளம்பி, அந்தமான் மேகங்களை வட்டமடித்துப் பார்த்துவிட்டு, மத்தியானமே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமியார் கதவைத் திறந்தபோது கேட்ட கேள்வியை இங்கே அச்சிட முடியாது.

நேரக் கணக்கும் இடிக்கும். அந்த நிலையம் கடற்படையின் ‘ஐ.என்.எஸ். உத்க்ரோஷ்’ தளத்துக்குள் இருக்கிறது. வீட்டுக்காரர் கடற்படை, பயணிகள் விமானங்கள் வாடகைக் குடித்தனம். பல ஆண்டுகளாக அவற்றின் போக்குவரத்து பிற்பகலோடு முடிந்துவந்தது. போதாததற்குச் சூரியன் நமக்கு ஐம்பது நிமிடம் முன்பாகவே அங்கே மறைந்துவிடுகிறது; கடிகாரம் மட்டும் ஒரே கடிகாரம்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? ஜப்பானியர். 1942 மார்ச்சில் தீவைப் பிடித்தவர்கள், தீவுவாசிகளை அடித்து வேலை வாங்கி ஓடுதளம் போட்டார்கள். 1943 டிசம்பர் 29 அன்று நேதாஜி விமானத்தில் வந்து இறங்கியதைப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. மண் சுமந்தவர்களைச் சொல்வதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியன் ஏர்லைன்ஸின் வைகவுண்ட் விமானம் கல்கத்தாவிலிருந்து ரங்கூன் போய் எரிபொருள் நிரப்பிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்த காலம் ஒன்று உண்டு. உள்நாட்டுப் பயணம், வழியில் பர்மா! பெயரில் ‘சர்வதேச’ ஒட்டிய பிறகோ நிஜமான வெளிநாட்டுப் பயணிகள் சேவைக்கு 2024 நவம்பர் 16 வரை காத்திருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து ஏர் ஏஷியா வந்தது.

நம் தாம்பரத்துக்கும் இந்த ஓடுபாதைக்கும் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. 2016 ஜூலை 22 காலை எட்டரை மணிக்கு, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து உத்க்ரோஷுக்குக் கிளம்பிய ஏ.என்.-32 போய்ச் சேரவில்லை. 29 பேர். வங்காள விரிகுடாவை வாரக்கணக்கில் சல்லடையாகச் சலித்தும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளின் படங்கள் கிடைத்தன. எடுத்தது ஆளில்லா நீர்மூழ்கிக் கலம். அதை இறக்கியது பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். கிளம்பிய இடத்துக்கும் தேடிக் கண்டுபிடித்தவர்களின் அலுவலகத்துக்கும் நடுவே வேளச்சேரி சாலைதான்.

அந்தக் கலம் ஆழ்கடலில் எப்படிப் பார்க்கிறது என்பதை எழுதாமல் விட மனம் வரவில்லை. அடுத்த வாரம் அதுதான். சிப்பிக் கூரை அதற்கடுத்த வாரம், ஆசிரியர் பொறுத்தால்.

(தொடரும்)