எஞ்சின் ரப்பர்க் குழாய்களைப் புகைக்குழாயின் உஷ்ணத்தினின்று காத்தல்

அன்னூர் வட்டாரத்துத் தோட்டங்களில் நீரிறைக்கும் வேலையைப் பெரும்பாலும் மின்சார மோட்டார்களே செய்துவருகின்றன. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூர் ஜில்லாவுக்கு வந்தது முதல் இம்மாறுதல் தொடங்கிற்று. ஆயினும் உழவுக்கும், மருந்து தெளிப்பதற்கும், சோளத்தட்டு ஏற்றிச் செல்வதற்கும் டீசல் எஞ்சினே துணையாயிருக்கிறது. பழைய எஞ்சினை வேறு சட்டத்தில் ஏற்றுவதும், சைலன்சரைத் திருப்பி வைப்பதும், புதிய எண்ணெய்க் குழாய் இழுப்பதும் பட்டறைகளில் நடைபெறும் வேலைகள். இவ்வாறு மாற்றியமைக்கையில் ரப்பர்க் குழாய்கள் புகைக்குழாயை நெருங்கிவிடுவதுண்டு. பின்னர் நேரும் சேதத்திற்கு இதுவே வித்து.

பாரமான வேலையின்போது புகைக்குழாயின் முதற்பகுதி 400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் காயக்கூடும். சாதாரண ரப்பரோ 100 முதல் 125 டிகிரி வரையே நெடுநாள் தாங்கும். அதற்கு மேற்பட்டால் இறுகி வெடிப்புக் காணும். ரேடியேட்டர்க் குழாய் கிழிந்தால் நீர் வெளியேறி, பிஸ்டன் இறுகி எஞ்சின் பழுதாகும். டீசல் குழாய் கசிந்தாலோ அபாயம் அதனினும் பெரிது. டீசல் 250 டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தில் தீப்பொறியின்றியே பற்றத்தக்கது. வண்டியும் அதிலேற்றிய தட்டும் ஒருங்கே எரிந்துபோக ஒரு சிறு கசிவே போதும்.

இதற்கு முதற்பரிகாரம் இடைவெளியே. இடமுள்ள மட்டும் குழாயைப் புகைக்குழாயிலிருந்து ஒரு சாணுக்குக் குறையாமல் விலக்கி இழுத்தல் வேண்டும். சூடேறிய காற்று மேல்நோக்கி எழுமாதலால் புகைக்குழாய்க்கு நேர் மேலே குழாயைக் கொண்டுபோகலாகாது. எஞ்சின் அதிர்வுக்குச் சிறிது தளர்வு விட்டு, தொங்காதபடி கிளாம்பு போட்டு நிறுத்துவது அவசியம்.

இடம் போதாதவிடத்து இரண்டிற்கும் நடுவே பளபளப்பான உலோகத் தகடொன்றை மறைப்பாக வைக்கலாம். அது வீசும் உஷ்ணத்தைத் திருப்பிவிடும். ஆனால் தகட்டின் இருபுறமும் ஒரு விரற்கடையேனும் காற்றோடும் இடம் இருத்தல் வேண்டும். புகைக்குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும் தகடு தானே அடுப்பாகிவிடும். இதற்கும் மேல் காப்பு வேண்டுமாயின், அலுமினியம் பூசிய கண்ணாடி நார் உறையை ரப்பர்க் குழாயின்மேல் மாட்டலாம்.

புகைக்குழாயின்மேல் நார்ப்பட்டை சுற்றுவதைக் கடைசி உபாயமாகவே கொள்ள வேண்டும். பட்டை ஈரத்தைப் பிடித்துத் துருவேற்றும். எண்ணெயில் ஊறினால் தீப்பிடிக்கும். முற்காலத்தில் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு நுரையீரல் நோயும் புற்றுநோயும் விளைவிக்குமாதலால் அதை அறவே தவிர்த்தல் வேண்டும். தண்ணீருக்கென்று செய்த குழாயை டீசலுக்கு உபயோகித்தலும் தவறு; அவ்வகை ரப்பர் எண்ணெய் பட்டு உப்பிக் கெடும்.

வாரம் ஒருமுறை, எஞ்சின் நன்கு ஆறிய பின், குழாய்களைக் கையால் அமுக்கிப் பார்ப்பது நலம். இறுகியோ, உப்பியோ, வெடிப்புற்றோ இருப்பவற்றை உடனே மாற்றிவிட வேண்டும். சூடாயிருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறத்தலாகாது.

அறுப்புக்காலத்திற்கு முன்பே கிராம அலுவலர்கள் வண்டிக்காரர்களுக்கு இதனை எடுத்துரைத்து, களத்தருகே மணல் வாளிகள் வைத்திருக்கச் செய்வது நன்று. எரியும் டீசல்மேல் தண்ணீர் ஊற்றினால் தீ பரவுமேயன்றி அடங்காது. தகட்டுக்கும் கிளாம்புக்கும் ஆகும் செலவு சொற்பமே; அதை மிச்சம்பிடித்தவர் இழக்க நேர்வது எஞ்சினையும் ஓராண்டுத் தீவனத்தையுமாகும்.