ஐந்து பேருக்கு ஒரு துப்பாக்கி

ஹாரி பேட்ச் 1898 ஜூன் 17 அன்று இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், பாத் நகரை ஒட்டிய கூம் டவுன் கிராமத்தில் பிறந்தார். தந்தை கல் வேலை செய்பவர். பேட்ச் பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு பிளம்பர் வேலை பழகச் சேர்ந்தார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது பிரிட்டிஷ் இளைஞர்கள் லட்சக்கணக்கில் தாமாகவே பட்டாளத்தில் சேர்ந்தார்கள். பேட்சுக்கு அந்த ஆசை வரவில்லை. ஏற்கெனவே ராணுவத்தில் இருந்த அண்ணன், பெல்ஜியத்தின் மான்ஸ் சண்டையில் காயம்பட்டுத் திரும்பி, போர்முனை எப்படி இருக்கும் என்பதை உள்ளபடியே சொல்லியிருந்தார். ஆனால் 1916 தொடக்கத்தில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. அந்த ஜூனில் பேட்சுக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. அக்டோபரில் அழைப்பு வந்துவிட்டது.

பயிற்சிக் காலத்தில் அவருக்கு லான்ஸ் கார்ப்பரல் பட்டை கிடைத்தது. தன் பூட்ஸை எடுத்துக்கொண்ட ஒருவனோடு கைகலப்பில் இறங்கியதால் அதே வேகத்தில் பறிபோனது. 1917 ஜூனில், பத்தொன்பது வயது ஆகும் தறுவாயில், வெறும் சிப்பாயாகப் பிரான்சுக்குக் கப்பலேறினார். போய்ச் சேர்ந்த இடம், டியூக் ஆஃப் கார்ன்வால் இலகு காலாட்படையின் ஏழாவது பட்டாலியன்.

காலாட்படை என்றாலே துப்பாக்கியின் முனையில் ஈட்டியைச் செருகிக்கொண்டு ஓடும் கூட்டம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1917இல் நிலைமை மாறியிருந்தது. சண்டை பெரும்பாலும் சிறுசிறு குழுக்களின் வேலையாகிவிட்டது. பேட்சின் குழு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழு. அந்தத் துப்பாக்கி ஏறக்குறைய பதின்மூன்று கிலோ எடை. மேலே தட்டுபோல் வட்டமாக உட்காரும் டிரம்மில் 47 தோட்டாக்கள் இருக்கும். விடாமல் சுட்டால் ஐந்தாறு விநாடியில் காலி. முதல் ஆள் சுடுவார். இரண்டாம் ஆள் பக்கத்தில் படுத்தபடி காலி டிரம்மைக் கழற்றி அடுத்ததை மாட்டுவார்; உதிரி பாகங்கள் கொண்ட பையும் அவர் பொறுப்பு. துப்பாக்கி அடைத்துக்கொண்டால் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டியவரும் அவரே. பேட்ச் இந்த இரண்டாம் ஆள். மற்ற மூவர் தோட்டா சுமந்து வருவார்கள்.

எது வந்தாலும் ஐவருக்கும் பங்கு. பேட்சின் தாய் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்பும் பார்சலில் கொஞ்சம் பைப் புகையிலையும் இருபது சிகரெட் கொண்ட இரண்டு பாக்கெட்டும் கேக்கும் இருக்கும். பைப் பிடிக்கும் இருவருக்குப் புகையிலை. மற்ற மூவருக்கு ஆளுக்குப் பதின்மூன்று சிகரெட். மிஞ்சும் நாற்பதாவது சிகரெட்டுக்கு முறை வைத்துக்கொண்டார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை குளியலும் இல்லை, மாற்றுத்துணியும் இல்லை. சட்டைத் தையல்களில் மண்டிக் கிடக்கும் பேனை மெழுகுவத்திச் சுடரில் காட்டிப் பொசுக்குவது அன்றாட வேலை. இவை போக, இந்தக் குழுவுக்குள் ராணுவ ஒழுங்குக்கு அடங்காத ஓர் ஒப்பந்தமும் இருந்தது: முடிந்தவரை யாரையும் கொல்லக்கூடாது, சுட்டால் காலைப் பார்த்துச் சுட வேண்டும்.

பேட்ச் போர்முனைக்கு வந்த வேளையில், பெல்ஜியத்தின் ஈப்ர நகரை ஒட்டி மூன்றாவது ஈப்ர சண்டை தொடங்கவிருந்தது. பாஷன்டேல் என்ற பெயரில் அதைப் பலரும் அறிவார்கள். ஜூலை 31 அன்று காலாட்படை நகர்வதற்கு முன்பு பிரிட்டிஷ் பீரங்கிகள் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. அந்தத் தாழ்நிலம் வடிகால் வாய்க்கால்களை நம்பித்தான் உலர்ந்து கிடந்தது. குண்டுவீச்சில் வாய்க்கால்கள் சிதைந்தன. கூடவே ஆகஸ்டில் பெருமழை. குண்டு விழுந்த பள்ளமெல்லாம் குளமாயிற்று. காயம்பட்டு அதில் விழுந்தவர்கள் சேற்றில் அமிழ்ந்தே இறந்தார்கள்.

ஆகஸ்ட் 16 அன்று ஸ்டீன்பேக் ஓடையைத் தாண்டி லாங்கமார்க் கிராமத்தைப் பிடிக்கும் தாக்குதலில் பேட்சின் படைப்பிரிவும் இறங்கியது. தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்து கிடந்த ஒரு கார்ன்வால் சிப்பாய், சுட்டுவிடும்படி அவர்களிடம் கெஞ்சினார். ரிவால்வரை எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. கடைசியாக அவர் அம்மா என்றார். சற்று நேரத்தில் ஒரு ஜெர்மன் வீரர் ஈட்டி மாட்டிய துப்பாக்கியோடு இவர்களை நோக்கி ஓடிவந்தார். பேட்ச் அவர் வலது தோளில் சுட்டார். துப்பாக்கி கீழே விழுந்தும் ஆள் நிற்கவில்லை. ரிவால்வரில் மூன்று தோட்டாக்கள் மிச்சம் இருந்தன. அந்த நெருக்கத்தில் கொல்வது எளிது. பேட்ச் கணுக்காலுக்கு மேலும் முழங்காலுக்கு மேலுமாகச் சுட்டு வீழ்த்தினார். ஒப்பந்தம் காப்பாற்றப்பட்டது.

செப்டம்பர் 22 இரவு, முன்வரிசையிலிருந்து பின்னால் திரும்பிக்கொண்டிருந்த ஐவரின் தலைக்கு மேல் ஒரு குண்டு வெடித்தது. தோட்டா சுமந்த மூவரும் உடல் சிதறி இறந்தார்கள். பேட்சின் அடிவயிற்றில் ஒரு சிதறல் பாய்ந்தது. சிகிச்சை முகாமில் மயக்கமருந்து தீர்ந்திருந்தது. நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் அதை வெட்டி எடுத்தார். பேட்ச் போர்முனையில் இருந்த காலம் நான்கு மாதம்கூட இல்லை. இங்கிலாந்து மருத்துவமனைகளில் தேறி, மறுபடி அனுப்பப்படக் காத்திருந்தபோதே 1918 நவம்பர் 11 அன்று போர் முடிந்தது. குண்டில் சிதறியும் சேற்றில் அமிழ்ந்தும் ஈப்ர வட்டாரத்தில் உடல் கிடைக்காமல் போன பிரிட்டிஷ் வீரர்களில், 1917 ஆகஸ்ட் 15 வரை மடிந்தவர்களின் பெயர்களை மெனின் வாயில் என்ற நினைவு வளைவிலும் அதற்குப் பிறகு மடிந்தவர்களின் பெயர்களை டைன் காட் கல்லறையின் சுவரிலும் பொறித்திருக்கிறார்கள். டைன் காட்டில் மட்டும் ஏறக்குறைய 35,000 பெயர்கள். 1914இல் இதே ஈப்ர முனையில் போரிட்டு மாண்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் மெனின் வாயிலில் உண்டு.

சிகிச்சையின்போது பழக்கமான பெண்ணை 1919இல் மணந்த பேட்ச் பிளம்பர் வேலைக்கே திரும்பினார். பிரிஸ்டல் நகரின் வில்ஸ் நினைவுக் கட்டடத்தில் அவர் உழைப்பும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக வயது கடந்துவிட்டது. 1942இல் பாத் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது தீயணைப்புப் படையில் நின்றார். பாஷன்டேல் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. 1976இல் இறந்த மனைவிக்கும் அந்தக் கதை தெரியாது. முதியோர் இல்லத்தில் ஓர் இரவு, அவர் அறைக்கு எதிரே துணி வைக்கும் அறையின் விளக்கு சட்டென எரிந்தது. அரைத்தூக்கத்தில் இருந்தவருக்கு அது குண்டு வெடிக்கும் வெளிச்சமாகவே பட்டது. எண்பது ஆண்டுகளில் எதுவும் மங்கிவிடவில்லை.

1998இல், நூறு வயதில், பி.பி.சி. ஆவணப்படம் ஒன்றுக்காக முதல்முறையாகப் பேசினார். பிறகு பேச்சு நிற்கவில்லை. 2004இல் பெல்ஜியம் சென்று, எதிர்த்தரப்பில் பீரங்கிப் படையில் இருந்த 107 வயது சார்ல்ஸ் குன்ட்ஸைச் சந்தித்தார். அவர் ஒரு டப்பா பிஸ்கட் தந்தார். இவர் சாமர்செட் சைடர் பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். 2007இல் நினைவுக் குறிப்புகள் புத்தகமாயின. நாடே அனுசரிக்கும் நவம்பர் 11 அவருக்குப் பெரும்பாலும் வெறும் காட்சி விழா; தன் நினைவுநாள் செப்டம்பர் 22 என்றே சொல்லிவந்தார். ஆனாலும் 2008 நவம்பர் 11 அன்று, எஞ்சியிருந்த இன்னும் இரண்டு முன்னாள் வீரர்களோடு லண்டன் போர் நினைவுச் சின்னத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். அதே ஆண்டு ஸ்டீன்பேக் கரையில், தான் ஓடையைக் கடந்த இடத்தில், நினைவுக் கல்லையும் திறந்துவைத்தார்.

2009 ஜூலை 25 அன்று, 111 வயதில் பேட்ச் காலமானார். அந்தப் போரில் கடற்படையில் இருந்த கிளாட் சூல்ஸ் 2011 வரை வாழ்ந்தார். ஆனால் பதுங்குகுழியில் கிடந்து போரிட்டவர்களில் பேட்சே கடைசி. வெல்ஸ் பேராலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் பிரிட்டிஷ் வீரர்கள் சவப்பெட்டியைச் சுமக்க, பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி நாடுகளின் வீரர்கள் உடன் நடந்தார்கள். அவர் விருப்பப்படி, அலங்கார வாள்கூட இல்லாமல், எந்த ஆயுதமும் அங்கே அனுமதிக்கப்படவில்லை. உடல் கூம் டவுனுக்கு அருகே மாங்க்டன் கூம் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.