பொதுத் தேசப்படமும் நம் பேட்டையும்

தேசப்படம் வரைவது அரசாங்கத்திற்கே உரிய பணி என்று நெடுங்காலம் கருதி வந்தோம். அதற்குக் காரணமும் உண்டு. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து பெரும் நில அளவையைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய கருவியும் ஆளும் பொருளும் சாமானிய மக்களுக்கு ஏது?

இன்று நிலைமை மாறிவிட்டது. 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய 'ஓபன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் பொதுத் தேசப்படம் இணையத்தில் உள்ளது. நம் ஊர்களின் குடிமராமத்து முறையை இது நினைவூட்டுகிறது. ஏரி அனைவர்க்கும் பொது. கரையைப் பேணுவதும் அனைவர் கடமை. அவ்வாறே, தெருவை அறிந்தவர் இப்படத்தில் தெருவைக் குறிக்கிறார். பிழை கண்டவர் திருத்துகிறார். மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட நெறிமுறைகள், சில விலக்குகள் நீங்கலாக, இந்தியர் முன் அனுமதியின்றிப் படம் தயாரிக்க வழி செய்தன.

இதனால் விளையும் பயன் யாது? 2015-இல் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, தன்னார்வலர்கள் இப்பொதுப் படத்தின் மேல் வெள்ளப் படமொன்றை அமைத்தனர். தெருவில் நீர் நிற்பதைக் கண்டவர், படத்தில் அத்தெருவின் கோட்டைத் தொட்டுக் குறித்தார். எவ்வழி அடைபட்டது என்பதைத் தொலைவில் இருந்தோரும் அறிய முடிந்தது.

மல்காஜ்கிரியில் வாழும் நமக்கும் இது தொடர்பற்றதன்று. 2020 அக்டோபரில் ஹைதராபாத்தும் பெருவெள்ளம் கண்டது. எந்தச் சந்தில் நீர் தேங்கும் என்பதை அங்கே குடியிருப்பவரே முதலில் அறிவார்.

மற்றொரு பயனும் உண்டு. இப்படத்தில் ஓர் இடத்தின் பெயரைப் பல மொழிகளிலும் பதியலாம். தெலுங்கோ ஆங்கிலமோ படிக்கவியலாத நம் அன்னையர், ஆனந்த்பாக், சபில்குடா என்னும் பெயர்களைத் தமிழ் எழுத்தில் கண்டால், பிறர் துணையை எதிர்பாராமல் வெளியே செல்லத் துணிவர். 'யூமேப்' என்னும் கருவியைக் கொண்டு, மருந்துக்கடை, ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் முதலிய வேண்டிய குறிகளை மட்டும் இட்டுத் தனிப்படமும் ஆக்கலாம்.

எனினும் இரு விதிகளை மறத்தலாகாது. பிறர் உரிமையுள்ள படங்களைப் பார்த்து நகலெடுத்தல் கூடாது. நேரில் கண்டதையே குறிக்க வேண்டும். தனிமனிதர் பெயரை அவர்தம் வீட்டின்மேல் பொறித்தலும் கூடாது.

குடியேறிய ஊரை நம் ஊராக்கிக் கொள்ள, முதலில் அதன் தெருக்களை அறிதல் வேண்டும். ஞாயிறுதோறும் இரண்டு தெருக்களை நடந்து கண்டு குறிப்போமாயின், ஓராண்டில் ஒரு பேட்டையின் படம் செம்மையுறும்.